வெட்டாத வீடியோ

"தம்பி பெனடிக்ற், என்ர பிள்ளை பாய்ஞ்சு பந்தைப் பிடிக்கேக்க ஏன் மேல இருந்து றோசாப்பூ கொட்டுது?"

"அது எஃபெக்ட் அக்கா. கலியாணவீட்டில ஆலாத்தி எடுக்கேக்க போடுறது. நல்லா இருக்கெல்லே?"

சுவர்ணா போனைக் காதிலிருந்து எடுத்து ஒருதரம் முறைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பவும் காதில் வைத்தாள்.

பிழை அவளுடையதுதான். அமெரிக்காவில் ஒரு கொலிஜ் உதைபந்துக் கோச், கோல் கீப்பர் ஒருத்தி தேடுகிறார், மட்ச் வீடியோ அனுப்பட்டாம் என்று மகள் கம்சிகா வந்து சொன்னாள். கோச்சுக்கு ஆளைப் பிடித்துவிட்டால் படிப்பு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. வேறு எந்தக் கொலிஜும் கேட்டு வரவில்லை. வீடியோ என்றதும் சுவர்ணாவுக்கு ஞாபகம் வந்த ஒரே ஆள் அப்டன் பார்க் பெனடிக்ற். அந்தப் பக்கத்துக் கலியாணவீடு, பிள்ளைகள் பெரியபிள்ளையாகிற சாமத்தியவீடு எல்லாம் அவனுடைய கமெராவுக்குள்தான் நடக்கும்.

"பூ கிடக்கட்டும். மட்ச் பார்க்க வந்த கலாவதி அக்கா ரோல்ஸ் சாப்பிடுறதை ஏன் அவ்வளவு நேரம் காட்டுறீர்? அவவையோ அமெரிக்காவுக்கு எடுக்கப் போயினம்?"

"வந்த சனத்தில ஒருத்தரையும் விடக்கூடாது அக்கா. குரோய்டன் சாமத்தியவீடு ஒண்டில மாமிக்காரி ஒராளை விட்டிட்டன். இண்டைக்கும் அந்த மனிசி என்னைக் கண்டால் ரோட்டுக்கு மற்றப் பக்கம் போகுது."

அந்த வீடியோ அதற்குள் கோச்சுக்குப் போய்விட்டிருந்தது. பதில் மரியாதையாகத்தான் வந்தது. பூ வேண்டாம். பாட்டு வேண்டாம். முழு மட்ச்சையும் வெட்டாமல், ஒட்டாமல், மைதானத்துச் சத்தத்தோடு அனுப்பவும்.

சத்தத்தோடு. அந்த ஒரு சொல்லைச் சுவர்ணா திரும்பவும் வாசித்தாள்.

கலாவதி அக்காவையும் அவவின் கூட்டத்தையும் அவளுக்குத் தெரியாதா? மட்ச் பார்க்க என்று வந்து, குமர்ப்பிள்ளை அரைக் காற்சட்டையோடு சேற்றில் விழுந்து எழும்புவதைப் பார்த்து, வெள்ளிக்கிழமை கோயிலில் அதையே அர்ச்சனை பண்ணுகிற சனம். சுவர்ணா அப்படியில்லை. கொன்வென்ற்றில் நெற்போல் விளையாடியவள், விசாலமான மனசு. மகளை அவள் ஒருநாளும் தடுத்ததில்லை. பயமெல்லாம் இந்தச் சனத்துக்குத்தான்.

திரும்பவும் பெனடிக்றுக்குப் போன் அடித்தாள்.

"தம்பி, பொம்பிளையள் கத்துற சத்தத்தை மட்டும் அமத்தேலாதோ?"

"எந்தச் சத்தம் அக்கா?"

"வேறை எது, கலாவதி அக்கான்ர சத்தம்தான்."

பெனடிக்ற் ஒருதரம் செருமினான்.

"அவவின்ர சத்தம் பெரிசா இல்லை அக்கா."

"அப்ப ஆற்றை சத்தம் பெரிசு?"

"அக்கா, மாப்பிள்ளை வீட்டுக்காரர் வந்திட்டினம், பிறகு எடுக்கிறன்."

வைத்துவிட்டான். முழு வீடியோவையும் தானே போட்டுப் பார்க்கலாம்தான். ஆனால் கோலை நோக்கிப் பந்து வந்தாலே கண்ணை மூடுகிற ஆள் அவள். வீடியோ அப்படியே அமெரிக்காவுக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை கோச் வீடியோ அழைப்பில் வந்தார். கம்சிகா லப்டொப்புக்கு முன்னால். சுவர்ணா பக்கத்துக் கதிரையில், படத்தில் விழாத தூரத்தில்.

"அம்மா, வாய் திறக்கக்கூடாது."

"நான் எப்பவடி வாய் திறந்தனான்?"

கோச் சுற்றி வளைக்கவில்லை. "நிறையப் பேர் வீடியோ அனுப்பியிருக்கிறார்கள், கம்சிகா. உண்மையைச் சொன்னால், பந்து பிடிப்பதில் உன்னைவிடக் கெட்டிக்காரிகள் அதில் இருக்கிறார்கள்."

சுவர்ணாவின் முகம் செத்துப்போனது. கோயில் சனத்துக்கு இனி என்ன சொல்வது என்று அந்த நிமிடமே யோசிக்கத் தொடங்கிவிட்டாள்.

"ஆனால் இதைக் கேள்," என்று கோச் வீடியோவை ஓடவிட்டார்.

மழை. விசில். இரண்டையும் மேவிக்கொண்டு ஒரு பெண் குரல்.

"கம்சி, சட்டையை இழுத்துவிடு. காலை அகட்டி நிக்காதை, சனம் பார்க்குது. சேத்துக்குள்ள விழாதையடி, ஆர் தோய்க்கிறது? உப்பிடிப் பாய்ஞ்சால் உன்னை ஆரடி கட்டுவான்?"

அதற்குள்ளே இன்னொரு குரல், கெஞ்சலாக. கலாவதி அக்கா.

"சுவர்ணா, விடுமன். பிள்ளை விளையாடட்டும். கம்சிக் குஞ்சு, நீ பிடியம்மா, வடிவாப் பிடிக்கிறாய்."

"நீங்கள் சும்மா இருங்கோ அக்கா. உங்களுக்கு ரெண்டும் ஆம்பிளைப் பிள்ளையள். கம்சி, முழங்கால் தெரியுது."

கதிரையிலிருந்து மேசைக்குக் கீழே போக வழி இருக்கிறதா என்று சுவர்ணா பார்த்தாள்.

கோச்சுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. "தொடக்கத்திலிருந்து முடிவுவரை இந்தப் பெண் உன்னைத் திட்டிக்கொண்டே இருக்கிறாள். நீ ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. இங்கே எதிரணி ரசிகர்கள் கோலுக்குப் பின்னால் நின்று இப்படித்தான் கத்துவார்கள். நல்ல நல்ல கீப்பர்கள் அதில் உடைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். பந்து பிடிக்க நான் பழக்குவேன். இதை என்னால் பழக்க முடியாது. இடம் உனக்குத்தான்."

"நன்றி, கோச்," என்றாள் கம்சிகா.

"ஒன்றே ஒன்று," என்றார் கோச். "யார் அந்தப் பெண்? எதிரணி ஆளா?"

கம்சிகா பக்கத்துக் கதிரையை ஒருதரம் பார்த்தாள். அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

"யாரென்று தெரியாது, கோச்," என்றாள் கம்சிகா. "ஆனால் என்னுடைய ஒரு மட்ச்சுக்கும் வராமல் விட்டதில்லை."