பஞ்சாரத்துக்கு வெளியே ஒன்று

செங்கோழிக்கு ஏழு குஞ்சுகள். ஆறு, அம்மா கூப்பிட்டதும் ஓடி வரும். ஏழாவதான கரும்புள்ளியோ 'வா' என்றால் போகும், 'போ' என்றால் வரும். தினமும் சாயங்காலம் மற்றவை பஞ்சாரக் கூடைக்குள் அடைந்த பிறகும் அதைத் தேடி அலைந்து செங்கோழிக்குத் தொண்டை வறண்டுவிடும். "இதைப் பெத்ததுக்கு ஒரு கூமுட்டையைப் போட்டிருக்கலாம்" என்று பக்கத்துவீட்டுக் கோழிகளிடமெல்லாம் புலம்புவாள்.

ஒருநாள் நடுப்பகலிலேயே வீட்டுக்காரி பஞ்சாரத்தைச் சாய்த்துப் பிடித்து, உள்ளே கம்பு இறைத்தாள். செங்கோழி உள்ளே நுழைந்து ஆசையாகப் பிள்ளைகளைக் கூப்பிட்டாள். ஆறும் ஓடி வந்தன. கூடை கவிழ்ந்தது. அப்புறம்தான் கறிக்கடைக்காரர் சாக்கோடு வாசலில் நிற்பது தெரிந்தது.

கரும்புள்ளி மட்டும் வெளியே. அது இதுவரை அழுததே இல்லை. இப்போது அழுதது. "அம்மா, நானும் உன்கிட்ட வரேன்."

வீட்டுக்காரி அதைப் பிடிக்க மெல்லக் குனிந்தாள்.

'ஓடிப் போ' என்று கத்த வாயெடுத்த செங்கோழி சட்டென்று நிறுத்திக்கொண்டாள். மூங்கில் இடுக்கில் அலகை வைத்து, "வா கண்ணு, அம்மாகிட்ட வந்துரு" என்றாள்.

கரும்புள்ளியின் அழுகை நின்றது. "வர மாட்டேன், போ!" என்று ஒரே பாய்ச்சலில் வேலியைத் தாண்டி ஓடியது.

கறிக்கடைக்காரர் சாக்கைப் பிரித்தார்.

"பாத்தியாம்மா, இப்பக்கூட நீ சொன்னதைக் கேக்கலை" என்றது மூத்த குஞ்சு.

"கேக்காது. என் தங்கம், கேக்கவே கேக்காது" என்றாள் செங்கோழி, வேலியையே பார்த்தபடி.