காணாமல் போன தூசிப் பெட்டி

"அரசாங்கச் சொத்தைத் திருடிட்டு, அதுக்குக் குடை வேற விரிச்சு வச்சிருக்கியே! என்ன நெஞ்சழுத்தம் உனக்கு!"

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி மொட்டை மாடியில் நின்று கத்தினார். யாரோ போட்டுக் கொடுத்து, நேரே வந்துவிட்டார்.

மூச்சோடு நுரையீரலுக்குள் போகிற நுண்தூசியை அளக்கும் பெட்டி அது. பூங்காவில் இருந்தது. இப்போது தையல்காரம்மாவின் மாடியில் வீட்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து, சிவப்பு விளக்கு எரிய அளந்துகொண்டிருந்தது.

"விக்கறதுக்கா எடுத்தே?"

"ஐயையோ, இல்லைங்க சார். எதிர்ல பாருங்க, நாள் பூரா கல்லு அரைக்கிறாங்க. என் பொண்ணு இழுப்பு வந்து படுக்கவே முடியாம கிடந்தா. உங்க ஆபீசுக்கு நடையா நடந்தேன். 'உங்க தெருவுல பெட்டி இல்லை, அதனால தூசி இருக்குன்னு சொல்ல முடியாது'ன்னுட்டாங்க."

"விதி அப்படித்தாம்மா!"

"அதான் சார், பெட்டியைக் கொண்டாந்துட்டேன்."

அதிகாரி வாயைத் திறப்பதற்குள் கீழே தண்ணீர் லாரி வந்து தெருவையே குளிப்பாட்டியது. பின்னாலேயே பெருக்குகிற வண்டி. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யோவ் டிரைவர்! உன்னை யாருய்யா இங்க வரச் சொன்னது?"

"பெட்டிதான் சார்! தூசி ஏறி விளக்கு சிவப்பாச்சுன்னா, பெட்டி இருக்கிற இடம் என் போனுக்கு வந்துடும். போன வாரத்துல இருந்து இங்கதான் ஊத்தறேன்."

"போலீஸ் ஊரெல்லாம் சல்லடை போட்டுத் தேடுதேய்யா! சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"யாராவது கேட்டாத்தானே சார்!"

தையல்காரம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "இப்பதான் சார் என் பொண்ணு நிம்மதியா படுத்துத் தூங்கறா. விட்டுடுங்க சார்."

"அழுதா ஆச்சா? சட்டம்னா சட்டம்தான். கழட்டு!"

அவள் அழுதுகொண்டே ஒயரைப் பிடுங்கினாள். லாரி டிரைவர் மேலே வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அதிகாரியின் ஜீப்பில் வைத்தார். பாவமாகத்தான் இருந்தது டிரைவருக்கும். அதிகாரியும் தையல்காரம்மாவும் பின்னாலேயே இறங்கி வந்தார்கள்.

"பூங்காவுக்குத்தானே சார்?"

அதிகாரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பூங்காவுல எவனுக்குய்யா இழுப்பு? வீட்டுல என் பேத்தி மூச்சு விட முடியாம தவிக்கிறா. அழாதம்மா, முறை வச்சுக்குவோம். இந்த வாரம் எங்க மாடி, அடுத்த வாரம் உங்க மாடி!"