மெழுகு உடையாத குப்பிகள்

ஜெயசித்ரா இழுத்ததும் ஆய்வக மேசையின் இழுப்பறை தடாலென்று கழன்று விழுந்தது. உருண்டு வந்தவை அவளுடைய குப்பிகள். அலுமினாப் பொடியில் வனேடியம் ஆக்சைடு பூசி, ஈரம் ஏறாமல் மெழுகு வைத்து மூடி, பாகூரிலிருந்து பஸ்ஸில் மடியில் சுமந்து வந்து, லேசர் கருவியில் அளக்கச் சொல்லி மூன்று வருடமாக அதை இயக்கும் எழிலரசனிடம் கொடுத்தவை. ஒன்றில்கூட மெழுகு உடையவில்லை.

ஆனால் வரைபடங்கள் தவறாமல் வந்தன. வனேடியம் கூடக்கூட கோடும் உயர்ந்தது. குப்பியில் வெறும் எண்தான். எவ்வளவு பூசினாள் என்பது அவள் நோட்டில் மட்டுமே இருந்தது. அந்த வரைபடங்களை நம்பித்தான் நாளை ஆய்வேட்டை ஒப்படைக்கப் போகிறாள்.

“இன்னாடா இது? கிராஃபெல்லாம் நீயே வரைஞ்சியா?”

எழிலரசன் குனிந்து குப்பிகளைப் பொறுக்கினான்.

“சத்தியமா வரையலக்கா. சோம்பல்பட்டு, பொடிய கொட்டாம காலி கப்பத்தான் மெஷின் உள்ள வெச்சேன். ஒவ்வொரு வாட்டியும் கோடு தானா வந்துச்சு.”