பேயின் மூச்சு

வீட்டில், வெளிச்சத்தம் வராமல் ஜன்னலில் மெத்தையைச் சாத்தி அடைத்த சின்ன அறையில், இசையமைப்பாளன் பேய்ப் படத்துக்குத் தான் போட்ட பின்னணி இசையை ஓடவிடுகிறான். திரையில் பேய் நெருங்க நெருங்க, ஸ்பீக்கரில் ஒரு மூச்சு விசிலடித்தபடி இழுத்து இழுத்து வருகிறது. டைரக்டர் கையைத் தேய்த்துக்கொள்கிறார். "யப்பா, உடம்பே சிலிர்க்குது! இதை எங்க புடிச்சீங்க?" "கம்ப்யூட்டர்ல பண்ணினது சார்" என்கிறான். சொல்லும்போதே வாய் கூசுகிறது. ஆஸ்துமாக்கார அப்பா அசந்து தூங்கும்போது தலைமாட்டில் மைக்கை வைத்துத் திருடிய மூச்சு அது. சட்டென்று இசையை நிறுத்துகிறான். மூச்சு நிற்கவில்லை. திரும்பினால், கதவைப் பிடித்தபடி வாசலில் அப்பா நிற்கிறார். "நல்லாத்தான் வந்திருக்கு" என்கிறார் அவர், சிரிக்கப் பார்த்து. "இன்னும் வேணும்னா சொல்லுப்பா. முழிச்சிருக்கும்போதே எடுத்துக்கோ."