கோழிக்குச் சோறு

கொழிஞ்சாம்பாறை அன்னதானக் கூடத்துக்கு முட்டை கொடுக்கும் வீடுகளுக்கு, மீந்த சோறு கோழித்தீனியாகப் போகும்.

குப்பண்ணன் முட்டைகளை வைத்துவிட்டுத் தூக்குப்போசியை நீட்டினார். "கோழிக்குச் சோறு வேணுமுங்க."

கூடத்தில் சோறு போடும் யோகப்பிரியாவுக்குச் சுருக்கென்றது. நாட்டுக்கோழி முட்டை என்று அவர் தந்ததெல்லாம் கடையில் விற்கும் வெள்ளை முட்டை. யாரை ஏமாற்றுகிறார்?

கேட்டே விடுவதென்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனாள். கோழிக்கூண்டு ஒட்டடை படிந்து காலியாகக் கிடந்தது. உள்ளே குப்பண்ணனும் அவர் மனைவி மயிலாத்தாளும், அந்தத் தூக்குப்போசிச் சோற்றை உப்புத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சத்தம் காட்டாமல் திரும்பிவிட்டாள்.

மறுநாள் போசி நிறையச் சுடுசோறு போட்டாள் யோகப்பிரியா.

"வெறுஞ்சோத்தத் தின்னா கோழி எப்படிங்க முட்டையிடும்? இன்னைக்குக் கொளம்பும் ஊத்தியிருக்கறனுங்க."