தோய்க்காத சட்டை

ஐஸ் ஹொக்கி அணி வெல்லத் தொடங்கிய நாளிலிருந்து கோல்கீப்பரின் உள்சட்டையைத் தோய்க்கக் கூடாதென்று கட்டளை. தோய்த்தால் அதிர்ஷ்டம் போய்விடுமாம். அந்த நாற்றத்தைப் பதினொரு ஆட்டங்களாகச் சலவை அறையில் காவல் காத்தவள் தவமலர். ஒருவரும் அவள் பெயரைக் கேட்டதில்லை. நேற்று அணி தோற்றது.

காலையிலேயே மேற்பார்வையாளன் நிமலன் வந்து நின்றான்.

"உண்மையைச் சொல்லுங்கோ அக்கா, தோய்ச்சுப்போட்டியளோ? எல்லாரும் உங்களைத்தான் கேக்கினம்."

அவள் சட்டையை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"மணந்து பாருங்கோ தம்பி."

அவன் இருமிக்கொண்டு பின்வாங்கினான். "அப்ப அதிர்ஷ்டம் இன்னும் அதிலைதான் இருக்கு. நாளைக்குக் கடைசி ஆட்டம். பத்திரமா வையுங்கோ."

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தவமலர் சட்டையை இயந்திரத்துக்குள் எறிந்து, இரண்டு மடங்கு சவர்க்காரத்தூள் கொட்டி, சுடுதண்ணீர்ப் பொத்தானை அழுத்தினாள்.