பி.ஏ. வூடு

"ஐயா, வாசல்ல 'பச்சமுத்து, பி.ஏ.'ன்னு இத்தாம் பெரிய போர்டு இருக்குது. அதைத் தாண்டி உள்ள வந்து ஒக்காந்துக்கினு, 'இந்த வூட்ல பட்டதாரியே இல்ல'ன்னு நான் எப்டி எழுதிக் குடுக்கறது?"

வி.ஏ.ஓ. ஆனந்தராஜ் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். இந்த ஊருக்கு மாறுதலாகி வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. ஆனால் பச்சமுத்துவைத் தெரிந்துகொள்ள ஆறு நாள் போதும். எந்தக் கல்யாணப் பத்திரிகையிலும் அவர் பெயர் பி.ஏ. இல்லாமல் அச்சானதில்லை. செஞ்சியிலிருந்து வரும் டவுன் பஸ் கண்டக்டர்கூட, "பி.ஏ. வூடெல்லாம் எறங்கு" என்றுதான் விசில் கொடுப்பார்.

பச்சமுத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயதிலும் முதுகு சாயாத மனிதர்.

கதவருகே அவர் மகள் பூங்குழலி நின்றிருந்தாள். வேளாண்மையில் பட்டம் வாங்கியவள். நிலக்கடலை விதைகளைப் பற்றி மேற்படிப்புப் படிக்க நெதர்லாந்தில் இடம் கிடைத்திருக்கிறது. கொல்லை நிலத்தை விற்றாலும் அந்தச் செலவுக்குக் கட்டாது. ஓர் அறக்கட்டளை முழுச் செலவையும் ஏற்க முன்வந்திருக்கிறது. ஒரே நிபந்தனை, வீட்டில் முதல் பட்டதாரி அவளாக இருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் நாளை மாலைக்குள் போய்ச் சேராவிட்டால் வாய்ப்பு வேறொருவருக்கு.

"அப்ளிகேஷன்ல இன்னான்னு போட்டிருக்குது?" மகளைப் பார்க்காமல் கேட்டார் பச்சமுத்து.

"தகப்பனார் படிப்பு, பன்னண்டாவதுன்னு போட்டிருக்குதுங்க. கீழ நீங்க கையெழுத்துப் போடணும்" என்றார் ஆனந்தராஜ்.

"எங்க நைனா காலத்துல இருந்து இந்த வூட்டுப் பேச்சுக்கு செஞ்சி வரைக்கும் மரியாத இருக்குது தம்பி. இப்ப இந்தக் குடும்பத்துல பட்டதாரி இல்லன்னு எழுதணும். அதுல நானே கையெழுத்துப் போடணும்." அவர் குரல் உயரவில்லை.

"அதத்தான் ஐயா நானும் சொல்றேன்."

மோர் டம்ளரைக் கொண்டுவந்து வைத்த ரஞ்சிதம், மகள் பக்கம் திரும்பினாள். "மல்லாட்ட வெதயப் பத்திப் படிக்க ஏரோப்ளேன் ஏறணுமா? நம்ம கொல்லையில வெளயாத மல்லாட்டையா? அதுக்காவ நைனா பேர அழிக்கப் பாத்தியேடி!"

ஆனந்தராஜ் ஃபைலைப் புரட்டி ஒரு ரசீதை எடுத்துக் காட்டினார். "ஏம்மா, காலேஜ்ல சேரும்போது இதே சான்றிதழக் குடுத்திருந்தா ஃபீஸ்ல சலுக கெடைச்சிருக்கும். நீ கேக்கல. முழு ஃபீஸும் கட்டியிருக்குது. அன்னிக்கு ஐயா பட்டதாரி, இன்னிக்கு இல்லியா?"

பூங்குழலி அந்த ரசீதை வாங்கி ஃபைலுக்குள் திருப்பி வைத்தாள்.

"ஐயா மொகத்துக்காவ விட்டுடறேன். இல்லன்னா பொய்ச் சான்றிதழ் கேட்டதுக்குக் கேஸாயிடும். படிச்ச பொண்ணு ஏமாத்தலாமா?"

பூங்குழலி தகப்பனாரை ஒரு முறை பார்த்தாள். "தப்பு என்னுதுதான் சார். நைனாவுக்குத் தெரியாம போட்டுட்டேன். அவர ஒண்ணும் கேக்காதீங்க. வாபஸ் வாங்கிக்கறேன்."

"அப்ப அதையே எழுதிக் குடுத்துடும்மா. பொய்யான தகவல் குடுத்துட்டேன்னு."

அவர் நீட்டிய வெள்ளைத்தாளை வாங்கி, மேசையோரம் குனிந்து எழுதத் தொடங்கினாள். முதல் வரி முடிந்தது.

"பேனாவக் கீழ வை."

பச்சமுத்து எழுந்து நின்றார். "ரஞ்சிதம், திருப்புளி எங்க இருக்குது?"

திருப்புளியை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். நாலு திருகாணியும் துருப்பிடித்து இறுகியிருந்தன. உதவிக்கு வந்த ஆனந்தராஜைக் கையமர்த்திவிட்டு, ஒவ்வொன்றாகத் தானே கழற்றினார். போர்டு இருந்த இடத்தில் சுவர் வெள்ளையாகத் தெரிந்தது.

"ஐயா, பொண்ணு மேல பாசம் இருக்க வேண்டியதுதான்," பதறினார் ஆனந்தராஜ். "அதுக்காவப் போர்டக் கழட்டிட்டா, வாங்கின பட்டம் இல்லன்னு ஆயிடுமா?"

"வாங்கியிருந்தாத்தான தம்பி?"

பச்சமுத்து போர்டின் தூசியைத் துண்டால் துடைத்து, மேசைமேல் குப்புற வைத்தார். "மூணு வருஷம் காலேஜுக்குப் போனேன். ரெண்டு பேப்பர் கடைசி வரைக்கும் தேறல. ரிசல்ட்டு வர்றதுக்கு முன்னாடியே எங்க நைனா சந்தோஷத்துல போர்டு எழுதி மாட்டிட்டாரு. எறக்கறதுக்கு எனக்குத் தைரியம் வரல. பொய் சொன்னது எம்பொண்ணு இல்ல. எங்க கையெழுத்துப் போடணும்?"

ரஞ்சிதம் வாயில் கை வைத்தபடி நின்றாள். ஆனந்தராஜ் விண்ணப்பத்தை நகர்த்தி, இடத்தைக் காட்டினார். பச்சமுத்து நிமிர்ந்தபடியே கையெழுத்திட்டார். பிறகுதான் மகளை நேராகப் பார்த்தார்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

பூங்குழலி தான் எழுதிய தாளை நாலாகக் கிழித்தாள்.

"பீரோல உங்க மார்க் ஷீட்டப் பாத்தேன் நைனா. அதுக்கு அடுத்த நாளுதான், காலேஜ்ல எனக்குச் சலுக வேணாம்னு எழுதிக் குடுத்தேன்."